ஸ்லைடா, குப்பியா, பிசிஆரா: கருப்பை வாய்ப் புற்றுநோய் ஸ்கிரீனிங்கில் எதை எதோடு ஒப்பிடுவது?

கேட்டவர் | ஜூன் 4, காலை

எங்கள் லேபில் இதுவரை வழக்கமான பாப் ஸ்மியர்தான் (கருப்பை வாய்ச் செல்லை நேராக ஸ்லைடில் தேய்த்துப் பார்ப்பது). திரவ முறைக்கு (செல்லைக் குப்பித் திரவத்தில் சேகரித்து ஸ்லைடு போடுவது) மாறுவதா, நேராக எச்பிவி டெஸ்டுக்கே (இந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸைத் தேடுவது) போய்விடுவதா என்று இப்போது பேச்சு. ஒரே பெண்ணுக்கு சைட்டாலஜி (மைக்ரோஸ்கோப்பில் செல்லைப் பார்ப்பது) நார்மல், எச்பிவி பாசிட்டிவ் என்று வந்தால் எது பொய்? எச்பிவிதான் மேல் என்றால் மைக்ரோஸ்கோப்பைப் பரணில் ஏற்றிவிடலாமா?

சைட்டாலஜி மேசை | ஜூன் 4, இரவு

எதுவும் பொய் இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. உருமாறிய செல் இந்த ஸ்லைடில் கண்ணுக்குப் படுகிறதா என்பது சைட்டாலஜியின் கேள்வி. உருமாற்றக்கூடிய வைரஸ் இந்த மாதிரியில் ஓர் அளவுக்கு மேல் இருக்கிறதா என்பது எச்பிவி டெஸ்டின் கேள்வி. வைரஸ் முன்னால் வரும், செல் மாற்றம் பின்னால் வரும். பெரும்பாலான தொற்று ஓரிரு ஆண்டில் தானே அடங்கியும் விடும். அதனால் ஒன்றை வைத்து மற்றதை உரசிப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டையும் மூன்றாவது ஒன்றோடு, அதாவது பயாப்சியில் சிஐஎன் 2 அல்லது அதற்கு மேல் (சுருக்கமாக சிஐஎன் 2+) என்ற முடிவோடு உரச வேண்டும். சிஐஎன் என்பது புற்றுக்கு முந்தைய செல் மாற்றம், 1 முதல் 3 வரை படி.

ஐரோப்பிய, வட அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வந்த கணக்கில், சிஐஎன் 2+ பிடிப்பதில் எச்பிவி டெஸ்ட் 96.1%, சைட்டாலஜி 53.0%. நோயில்லாதவரை நோயில்லை என்று விடுவதில் எச்பிவி 90.7%, சைட்டாலஜி 96.3%. சதவீதமாகப் பார்த்தால் உறைக்காது, தலைக்கணக்காகப் போட்டுப் பாருங்கள். 10,000 பெண்கள், அவர்களில் 100 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காகத்தான்). சைட்டாலஜி 53 பேரைப் பிடிக்கும், 47 பேரைத் தவறவிடும். எச்பிவி 96 பேரைப் பிடிக்கும். ஆனால் நோயில்லாத 9,900 பேரில் சைட்டாலஜி வீணாக அழைப்பது சுமார் 366 பேர், எச்பிவி அழைப்பது சுமார் 920 பேர். இந்த 920 பேரை என்ன செய்வது என்று யோசிக்காமல் கிட் வாங்கினால் கால்போஸ்கோப்பி (கருப்பை வாயை லென்ஸ் வழியே பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) வாசலில் கூட்டம் நெரியும்.

மைக்ரோஸ்கோப் பரணுக்குப் போகாது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

சைட்டாலஜி மேசை | ஜூன் 5, காலை

முதலில் திரவ முறை. அது வந்தால் சென்சிடிவிட்டி (நோயுள்ளவரைப் பிடிக்கும் திறன்) கூடும் என்று பலர் நம்புகிறார்கள். 2009-ல் நெதர்லாந்தில் ஏறக்குறைய 90,000 பெண்களை வைத்துச் செய்த ரேண்டம் ஆய்வில் வழக்கமான ஸ்மியருக்கும் திரவ முறைக்கும் சிஐஎன் பிடிப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. 2008-ல் வந்த தொகுப்பாய்வும் அதையேதான் சொன்னது. அப்படியானால் லாபம் எங்கே? 'போதாத மாதிரி' குறையும், ஸ்லைடு சுத்தமாக இருப்பதால் வாசிக்கும் நேரம் குறையும், மீதித் திரவத்தில் எச்பிவி ஓட்டலாம். கடைசி ஒன்றே போதும் அதற்குக் காசு கொடுக்க. 'நிறைய நோய் பிடிக்கும்' என்று விற்பனையாளர் சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்.

மாதிரி போதுமா என்பதற்கு அளவு 5,000 ஸ்குவாமஸ் (தட்டை) செல். அதற்குக் குறைந்தால் திருப்பி அனுப்பு.

சைட்டாலஜி மேசை | ஜூன் 5, மதியம்

திருத்தம். காலையில் அவசரத்தில் எழுதிவிட்டேன். 5,000 என்பது திரவ முறைக்கு மட்டும். வழக்கமான ஸ்மியருக்கு பெதஸ்டா முறை (சைட்டாலஜி ரிப்போர்ட் எழுதும் பொது முறை) கேட்பது 8,000 முதல் 12,000. கதிர்வீச்சு சிகிச்சை முடிந்தவர், மாதவிடாய் நின்று திசு மெலிந்தவர் ஆகியோருக்கு 5,000-க்குக் குறைந்தாலும் லேப் யோசித்து ஏற்கலாம். இன்னொன்று: ஒரே ஒரு மோசமான செல் தெரிந்துவிட்டால் எண்ணிக்கைப் பேச்சே கிடையாது, அந்த ஸ்லைடு போதுமானது. எண்டோசர்விகல் (கருப்பை வாயின் உட்குழாய்) செல் இல்லை என்பதற்காகவும் 'போதாது' என்று போடக் கூடாது. இருந்தது, இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும் (நன்றாகப் பாதுகாக்கப்பட்ட 10 செல் இருந்தால் 'இருந்தது').

கேட்டவர் | ஜூன் 5, மாலை

5,000 செல்லை யார் உட்கார்ந்து எண்ணுவது?

சைட்டாலஜி மேசை | ஜூன் 5, மாலை

எண்ண வேண்டாம், பெருக்கினால் போதும். ஐபீஸில் ஃபீல்டு நம்பர் 22 என்று பொறித்திருந்தால், 40 ஆப்ஜெக்டிவில் தெரியும் வட்டத்தின் விட்டம் 22 ÷ 40 = 0.55 மி.மீ. திரவ முறையில் தின்பிரெப், ஷூர்பாத் என்று இரண்டு பிராண்டு. தின்பிரெப் ஸ்லைடில் செல் படியும் வட்டம் 20 மி.மீ., ஷூர்பாத்தில் 13 மி.மீ. அப்படியானால் 20 மி.மீ. வட்டத்துக்குள் சுமார் 1,320 ஃபீல்டு, 13 மி.மீ. வட்டத்துக்குள் சுமார் 560 ஃபீல்டு. 5,000-ஐ வகுத்தால் தின்பிரெப்பில் ஃபீல்டுக்கு 3.8 செல், ஷூர்பாத்தில் 9. நடுவழியாக ஒரு கோடு பிடித்து, குறைந்தது 10 ஃபீல்டு பார்த்துச் சராசரி எடுங்கள். ஃபீல்டு நம்பர் 20 என்றால் இவை 3.1, 7.4 ஆகிவிடும். ஒரே லேபில் இரண்டு மைக்ரோஸ்கோப், இரண்டு வேறு ஐபீஸ், சுவரில் ஒரே அட்டவணை: ஒருவர் 'போதும்' என்ற ஸ்லைடை அடுத்தவர் 'போதாது' என்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

தின்பிரெப் ஸ்லைடின் நடுவில் ஓட்டையும் விளிம்பில் மட்டும் மோதிரம் போல் செல்லும் இருந்தால் எண்ணுவதற்கு முன் யோசியுங்கள். ரத்தமோ லூப்ரிகன்ட் ஜெல்லோ, செல்லைப் பிடித்து ஸ்லைடுக்குத் தரும் ஃபில்டரை அடைத்திருக்கிறது. கார்போமர் கலந்த ஜெல் இதில் பேர் போனது. குப்பியில் செல் இருக்கும், ஸ்லைடுக்கு வந்திருக்காது. ரத்தம் என்றால் 9 பங்கு சைட்டோலிட் (கழுவும் திரவம்), 1 பங்கு கிளேசியல் அசிட்டிக் ஆசிட் கலந்து கழுவி மறுபடி ஓட்டலாம். ஜெல்லுக்கு அது அவ்வளவாகக் கேட்காது. மாதிரி எடுப்பவரிடம்தான் சொல்ல வேண்டும்.

பிசிஆர் மேசை | ஜூன் 6

குறுக்கிடுகிறேன். ஆசிட் போடுவதற்கு முன்பே எச்பிவிக்கு வேண்டியதைத் தனிக் குழாயில் எடுத்து வைத்துவிடுங்கள். ஆசிட் பட்ட மீதியை எல்லா கிட்டும் ஏற்காது. பொதுவாகவே சைட்டாலஜி மிஷினில் போய் வந்த குப்பியிலிருந்து எடுப்பதைவிட, போவதற்கு முன் எடுப்பது நல்லது. பக்கத்துக் குப்பியின் வைரஸ் ஒரு துளி ஒட்டி வந்தால் சைட்டாலஜிக்கு அது ஒன்றுமே இல்லை, டிஎன்ஏவைப் பெருக்கித் தேடும் பிசிஆருக்கு அது பாசிட்டிவ். தின்பிரெப் குப்பியில் 20 மி.லி. திரவம் இருக்கிறது. ஸ்லைடு போடுவதற்கு முன் 4 மி.லி. வரை எடுக்க அனுமதி உண்டு. எடுப்பதற்கு முன் குப்பியை நன்றாகக் கலக்குங்கள். செல் அடியில் படிந்திருக்க, மேல் தண்ணீரை உறிஞ்சி ஓட்டிவிட்டு நெகட்டிவ் என்று சொல்வது சுலபம்.

சைட்டாலஜி மேசை | ஜூன் 8

வழக்கமான ஸ்மியரில் தொடரப் போகிறவர்களுக்கு. கெடுவது பெரும்பாலும் முதல் சில விநாடிகளில். ஸ்லைடில் தேய்த்த கையோடு 95% எத்தனாலில் போட வேண்டும், குறைந்தது 15 நிமிடம். காற்றில் காய்ந்தால் நியூக்ளியஸ் ஊதிப் பெரிதாகும், குரோமாட்டின் மங்கிக் குழம்பும், சைட்டோபிளாசம் எல்லாம் இளஞ்சிவப்பாகும். பெரிய நியூக்ளியஸ் என்பதால் ஒருவர் ஆஸ்கஸ் (ASC-US, 'சந்தேகத்துக்குரிய லேசான மாற்றம்') என்பார், செல்லின் உள்விவரம் கண்ணுக்குப் படாததால் இன்னொருவர் நார்மல் என்பார். இரண்டும் தப்பு. காய்ந்து வெகுநேரம் ஆகாவிட்டால் நார்மல் சலைனில் 30 விநாடி நனைத்து, பிறகு எத்தனாலில் போட்டால் ஓரளவு மீளும். ஸ்ப்ரே ஃபிக்ஸேடிவ் அடிப்பவர்கள் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். மிக அருகில் வைத்து அடித்தால் செல் ஒரு பக்கம் ஒதுங்கிக் குவியும்.

சாயம்: ஹாரிஸ் ஹிமடாக்சிலின், 0.5% எச்சிஎல்லில் ஒரு முக்கு, புளூயிங், 95% ஆல்கஹால், ஓஜி-6 சாயம், இரண்டு முறை ஆல்கஹால், ஈஏ-50 சாயம், மறுபடி ஆல்கஹால், அப்சல்யூட் ஆல்கஹால், சைலீன், கவர்ஸ்லிப் ஒட்ட டிபிஎக்ஸ். எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் விடுவது ஃபில்டர் செய்வதை. ஒரு ஸ்லைடிலிருந்து கழன்ற செல் சாயத்தொட்டியில் மிதந்து இன்னொரு ஸ்லைடில் ஏறும். மற்ற செல்கள் ஒரு தளத்தில் ஃபோகஸ் ஆகும்போது அந்த ஒரு கொத்து மட்டும் மேலே வேறு தளத்தில் தெளிவாகத் தெரிந்தால் அது விருந்தாளி. தினமும் ஃபில்டர் செய்யுங்கள். உடல்திரவ மாதிரிகளுக்குத் தனித் தொட்டி வையுங்கள்.

பழுப்பாக, பளபளவென்று செல்மேல் ஏதோ ஒட்டினாற்போல் வந்தால் அதன் பெயரே கார்ன்ஃப்ளேக்ஸ். பாலில் போட வேண்டாம், சைலீனில் போடுங்கள். கவர்ஸ்லிப் வைப்பதற்குள் சைலீன் ஆவியாகிக் காற்று மாட்டிக்கொண்டதால் வருவது. கவர்ஸ்லிப்பைக் கழற்றி, சைலீன், ஆல்கஹால் வழியாகத் தண்ணீருக்குத் திரும்பி, மறுபடி சாயமேற்றினால் பெரும்பாலும் போய்விடும். சைலீன் பால்போல் கலங்கினால் முந்தைய ஆல்கஹாலில் தண்ணீர் ஏறியிருக்கிறது. சைலீனை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கேட்டவர் | ஜூன் 9

எச்பிவிக்கு வருகிறேன். பட்டியலில் ஐந்தாறு கிட். எல்லாம் '14 வகை எச்பிவி, அதிக சென்சிடிவ்' என்கின்றன. மிகக் குறைந்த வைரஸையும் பிடிக்கும் கிட்டை எடுத்தால் சரிதானே?

பிசிஆர் மேசை | ஜூன் 9, இரவு

சரியில்லை. இந்தத் துறையில் அடிக்கடி விழும் குழி இதுதான். மிகக் குறைந்த வைரஸ் என்பது பெரும்பாலும் வந்து போகும் தொற்று, அல்லது போய்க்கொண்டிருக்கும் தொற்று. அதையெல்லாம் பிடித்தால் நீங்கள் பிடிப்பது வைரஸை, நோயை அல்ல. மேலே சொன்ன 920 பேர் 2,000 ஆவார்கள், பிடிபடும் நோய் ஒன்றோ இரண்டோதான் கூடும். எச்ஐவி, ஹெபடைட்டிஸ் டெஸ்டில் பழகிய கை இதை ஒப்புக்கொள்ளத் தயங்கும். அங்கே ஒரு காப்பி இருந்தாலும் செய்தி. இங்கே கட்-ஆஃப் (பாசிட்டிவ் என்று சொல்லத் தொடங்கும் அளவு) வேண்டுமென்றே மேலே வைக்கப்பட்டிருக்கிறது.

உதாரணத்துக்கு ஹைப்ரிட் கேப்சர் 2 என்ற எச்பிவி டெஸ்டைப் பாருங்கள். வைரஸ் டிஎன்ஏவைக் காரத்தில் பிரித்து, 13 வகைக்கான ஆர்என்ஏ புரோபோடு சேர்த்து, அந்த டிஎன்ஏ-ஆர்என்ஏ இணையை ஆன்டிபாடியால் பிடித்து, ஒளியாக அளக்கும். பெருக்குவது சிக்னலை, டிஎன்ஏவை இல்லை. கட்-ஆஃப் ஒரு மி.லி.க்கு 1 பிகோகிராம், அதாவது ஒரு சோதனைக்கு ஏறக்குறைய 5,000 காப்பி. பிசிஆரோடு ஒப்பிட்டால் மந்தமான டெஸ்ட். ஆனால் பெரிய ஆய்வுகளில் சோதிக்கப்பட்டது அதுதான். இந்தியாவில் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை வைத்து நடந்து 2009-ல் வெளிவந்த ஆய்வில், ஒரே ஒரு சுற்று எச்பிவி டெஸ்ட் இந்தப் புற்றுநோய் மரணத்தைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது. சைட்டாலஜியும் அசிட்டிக் ஆசிட் தடவிப் பார்ப்பதும் ஒரு சுற்றில் குறிப்பிடத்தக்க குறைவைக் காட்டவில்லை. அங்கே ஓடியது இந்த மந்தமான டெஸ்ட்தான்.

அதனால்தான் புதுக் கிட்டுக்கு 2009-ல் பன்னாட்டு வல்லுநர்கள் வைத்த தேர்வு இப்படி: 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களில், சிஐஎன் 2+ பிடிப்பதில் ஹைப்ரிட் கேப்சர் 2-இன் 90%-க்குக் குறையக் கூடாது, ஸ்பெசிஃபிசிட்டி (நோயில்லாதவரை நோயில்லை என்று விடும் திறன்) அதன் 98%-க்குக் குறையக் கூடாது. நோயுள்ள மாதிரி குறைந்தது 60, நோயில்லாதது குறைந்தது 800. பிறகு 500 மாதிரியை (30% பாசிட்டிவ்) ஒரே லேபில் இரண்டு முறையும் வேறு லேபிலும் ஓட்டி ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. கிட் விற்பவர் 'லிமிட் ஆஃப் டிடெக்ஷன்' (பிடிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு) பக்கத்தைத் திருப்பிக் காட்டினால், இந்தத் தேர்வின் தாளைக் கேளுங்கள்.

பிசிஆர் மேசை | ஜூன் 10

நேற்று எழுதியதில் ஹைப்ரிட் கேப்சரைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிவிட்டேன். அதன் குறைகளும் வரட்டும். புரோப் கலவை சில சமயம் குறிவைக்காத வகைகளோடும் ஒட்டும், கட்-ஆஃப்பை ஒட்டிய பாசிட்டிவ்களில் இது கணிசம். தின்பிரெப் திரவ மாதிரியில் கட்-ஆஃப்பின் 1.0 முதல் 2.5 மடங்கு வரை வந்தால் மறுபடி ஓட்டச் சொல்வார்கள். எச்பிவியின் எந்த வகை, அதிக ஆபத்தான 16-ஆ 18-ஆ என்று சொல்லாது. எல்லாவற்றையும்விட, குப்பியில் செல்லே இல்லாமல் வெறும் திரவம் இருந்தாலும் அழகாக 'நெகட்டிவ்' என்று சொல்லும். மாதிரியில் மனித செல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் மனித ஜீன் கண்ட்ரோல் உள்ளே இல்லை.

பிசிஆர் கிட்டுகளில் கோபாஸ், ஆன்கிளாரிட்டி இரண்டும் பீட்டா-குளோபின் என்ற மனித ஜீனைப் பார்க்கின்றன, எக்ஸ்பெர்ட் கார்ட்ரிட்ஜ் எச்எம்பிஎஸ் என்ற மனித ஜீனைப் பார்க்கிறது. எச்பிவியும் இல்லை, மனித ஜீனும் இல்லை என்றால் 'இன்வாலிட்'. அப்படி வருவதைக் கண்டு எரிச்சல்படாதீர்கள், உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. எல்லா நவீன கிட்டிலும் இது இருக்கிறது.

பிசிஆர் மேசை | ஜூன் 10, சற்று நேரம் கழித்து

'எல்லா' என்றது தவறு. ஆப்டிமா என்ற கிட்டில் இருப்பது நாம் சேர்க்கும் ரீஏஜெண்டிலேயே வரும் கண்ட்ரோல். மிஷின் ஒழுங்காக ஓடியதா, தடுப்பான் ஏதும் இருந்ததா என்று சொல்லும், செல் இருந்ததா என்று சொல்லாது. எதை வாங்கினாலும் கண்ட்ரோல் மாதிரிக்குள் இருந்து வருகிறதா, பாட்டிலிலிருந்து வருகிறதா என்று பாருங்கள்.

சைட்டாலஜி மேசை | ஜூன் 12

எந்த ஜீனைத் தேடுகிறது என்பதிலும் வேறுபாடு உண்டல்லவா? வைரஸின் எல்1 ஜீனைத் தேடும் கிட்டுகளைக் கண்டு சிலர் பயப்படுகிறார்கள்.

பிசிஆர் மேசை | ஜூன் 12

வைரஸ் மனித குரோமோசோமுக்குள் ஒட்டிக்கொள்ளும்போது எல்1 பகுதி சில சமயம் தொலைந்துபோகும், இ6, இ7 ஜீன்கள் தங்கும். புற்றை நடத்துவதே அந்த இரண்டுதான். கோபாஸ் எல்1-ஐத் தேடுகிறது. ஆன்கிளாரிட்டி, எக்ஸ்பெர்ட் இரண்டும் இ6/இ7 டிஎன்ஏவை, ஆப்டிமா இ6/இ7 எம்ஆர்என்ஏவை. காகிதத்தில் எல்1 தோற்க வேண்டும். ஸ்கிரீனிங்கில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை, எல்1 தொலைந்த மாதிரி குறைவு. இதை வைத்துக் கிட் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஜீனோடைப்பை எப்படிப் பிரித்துச் சொல்கிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பேன். 16, 18 தனியாக, மீதி 12 ஒரே மூட்டையாகச் சொல்வது கோபாஸ். ஆன்கிளாரிட்டி 31, 45, 51, 52-ஐயும் தனித்தனியே சொல்லும். எக்ஸ்பெர்ட் 16 தனி, 18/45 ஒரு சேனல், 31/33/35/52/58 ஒரு சேனல் என்று ஐந்தாகப் பிரிக்கும். 16 பாசிட்டிவும் 66 பாசிட்டிவும் ஒரே 'பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட்டில் வருவது ஆபத்தை மறைப்பது. 66 எல்லாம் 14-க்குள் இருப்பதே பழக்கதோஷம்.

கேட்டவர் | ஜூன் 15

எங்களிடம் ஷூர்பாத் குப்பிதான் வரப்போகிறது. அதில் எந்த எச்பிவி டெஸ்டும் ஓட்டலாமா?

பிசிஆர் மேசை | ஜூன் 15

கூடாது. தின்பிரெப் திரவம் மெத்தனால். ஷூர்பாத் எத்தனாலோடு சிறிதளவு ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தது. ஃபார்மால்டிஹைடு நியூக்ளிக் அமிலத்தைப் புரதத்தோடு பின்னிப்போடும், நாளாக ஆகப் பின்னல் இறுகும். பிரித்தெடுக்கும் படி அந்தப் பின்னலை அவிழ்க்கும்படி அமைந்திருக்காவிட்டால் பாசிட்டிவ் மெல்ல நெகட்டிவாக நழுவும். ஷூர்பாத்துக்கென்று சரிபார்க்கப்பட்ட டெஸ்டை மட்டும், அதில் சொன்ன முன்படியோடு, சொன்ன நாளுக்குள் ஓட்டுங்கள். சைட்டாலஜிக்கு ஸ்லைடு அழகாக வருகிறது என்பதை வைத்து எச்பிவிக்கும் மாதிரி நன்றாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம்.

சைட்டாலஜி மேசை | ஜூன் 15

பிரஷ் விஷயமும் குப்பியோடு மாறும். ஷூர்பாத்தில் பிரஷ் தலையைக் கழற்றிக் குப்பிக்குள்ளேயே விட வேண்டும். தின்பிரெப்பில் அடியில் 10 முறை அழுத்தி, சுழற்றிவிட்டு எடுத்துவிட வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள் உண்டு. தின்பிரெப் குப்பிக்குள் பிரஷ் தலை மிதந்து வந்தால் பாதிச் செல் அதிலேயே உட்கார்ந்திருக்கும்.

கேட்டவர் | ஜூன் 20

பெண்களே எடுத்துக்கொள்ளும் மாதிரி?

பிசிஆர் மேசை | ஜூன் 20

பிசிஆர் வகை டிஎன்ஏ டெஸ்ட் என்றால் தாராளமாக. மருத்துவப் பணியாளர் எடுத்ததற்கு நிகராகவே சிஐஎன் 2+ பிடிக்கிறது. ஹைப்ரிட் கேப்சர் போல் சிக்னலைப் பெருக்குபவை இதில் பின்தங்குகின்றன. எம்ஆர்என்ஏ டெஸ்டுக்கு மாதிரியைப் பணியாளரே எடுக்க வேண்டும் என்பது 2021 உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல். சைட்டாலஜி இதில் நடக்காது. யோனிச் சுவர் செல்லில் சைட்டாலஜி மேசை எதைப் பார்க்கும்?

சைட்டாலஜி மேசை | ஜூன் 21

ஒன்றும் பார்க்காது. அவரைத் திரும்ப அழைத்துக் கருப்பை வாயிலிருந்து எடுத்த பிறகுதான் எங்கள் வேலை. இங்கேதான் மைக்ரோஸ்கோப் பரணுக்குப் போகாத கதை.

எச்பிவி பாசிட்டிவ் வந்த எல்லாரிலும் (நோயுள்ள 96, நோயில்லாத 920) யாரை கால்போஸ்கோப்பிக்கு அனுப்புவது? வகை 16, 18 என்றால் நேராக அனுப்பு. மீதிப் பேருக்கு சைட்டாலஜி ஒரு வழி. அதில் ஒரு சிக்கல்: 'இவர் எச்பிவி பாசிட்டிவ்' என்று தெரிந்து ஸ்லைடு பார்க்கும் கண், தெரியாமல் பார்க்கும் கண்ணைவிட அதிகம் காணும். எச்-சில் (HSIL, தீவிர செல் மாற்றம்) தப்பாமல் பிடிபடும், கூடவே ஒன்றுமில்லாததும் ஆஸ்கஸ் ஆகும். எச்பிவிக்கு மாறிய பின் ஆஸ்கஸ் விகிதம் ஏறினால் வாசிப்பவரைத் திட்டாதீர்கள், ஸ்லைடுகளின் கூட்டமே மாறிவிட்டது. பழைய விகிதத்தோடு ஒப்பிட்டுத் தரக்கட்டுப்பாடு செய்வதை நிறுத்துங்கள்.

இன்னொரு வழி பி16, கேஐ-67 என்ற இரண்டு புரதங்களைக் காட்டும் இரட்டைச் சாயம். ஒரே செல்லில் சைட்டோபிளாசம் பழுப்பு, நியூக்ளியஸ் சிவப்பு. அப்படி ஒரு செல் போதும், அதன் உருவம் எப்படி இருந்தாலும் பாசிட்டிவ். பக்கத்துப் பக்கத்துச் செல்லில் ஒன்று பழுப்பு, ஒன்று சிவப்பு என்றால் கணக்கில் வராது. கொத்தாகக் குவிந்த இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து இரண்டு நிறமும் தெரியும், அங்கே ஃபைன் ஃபோகஸை ஏற்றி இறக்கி இரண்டும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் எழுதக் கூடாது.

கேட்டவர் | ஜூலை 2

திரவ முறை, எச்பிவி முதலில், பாசிட்டிவுக்கு மட்டும் ஸ்லைடு என்று எழுதிக் கொடுத்தேன். 'பாசிட்டிவ் வந்த பிறகு ஸ்லைடு என்றால் குப்பி அதுவரை தாங்குமா' என்று கேட்கிறார்கள்.

சைட்டாலஜி மேசை | ஜூலை 2

தின்பிரெப் திரவத்தில் சைட்டாலஜிக்கு அறை வெப்பத்தில் 6 வாரம். ஷூர்பாத்துக்கு அறை வெப்பத்தில் 4 வாரம், ஃபிரிட்ஜில் 6 மாதம். நாளை எண்ணத் தொடங்குவது மாதிரி எடுத்த அன்றிலிருந்து, லேபுக்கு வந்த அன்றிலிருந்து இல்லை. குப்பியில் எடுத்த தேதி எழுதாமல் வந்தால் வாங்காதீர்கள்.

பிசிஆர் மேசை | ஜூலை 2

பிசிஆருக்கு எடுத்த குழாயிலும் அதே தேதியை எழுதுங்கள். குழாய் நிரப்பிய தேதியை எழுதி வைத்துவிட்டு, நாள் மீதி இருக்கிறது என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள்.

சைட்டாலஜி மேசை | ஜூலை 3

ஸ்லைடில் பென்சிலால் எழுதுங்கள், உறைந்த கண்ணாடி முனையில். பேனா மை ஆல்கஹாலில் குளித்து எழுந்தால் பெயரே இருக்காது.